மருந்தை விடுதல்: யாழ்ப்பாணக் குடாநாட்டு உளமருத்துவ வரலாற்றில் எழுதப்படாத ஒரு பகுதி

ஒரு சமுதாயத்தின் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்து வந்த வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த வைத்தியசாலை எந்த ஆண்டிலே நிறுவப்பட்டது, எந்த நோய்க்குரிய மருந்து எப்போது புழக்கத்துக்கு வந்தது, எவர் அதனைக் கொணர்ந்தார் என்பன ஆவணங்களிலே இடம்பெறுகின்றன. அம்மருந்தை உண்டவர் அதனை எப்போது, எவ்வாறு, யாருடைய துணையோடு நிறுத்தினார் என்பது எங்கும் பதிவாவதில்லை. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகளைப் பொறுத்தவரை இக்குறை பெரிது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உண்ணப்படும் அம்மருந்துகளை விடுதல், தொடங்குதலைப் போன்றே மருத்துவக் கவனிப்பை வேண்டி நிற்கும் ஒரு செயலாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அச்செயல் நோயாளியும் வைத்தியரும் கூடியெடுத்த முடிவாக அமையும் வாய்ப்பு மிக அருகியே இருந்தது. பாதை மூடப்பட்டதும் கப்பல் வராததும் ஊர் இடம்பெயர்ந்ததுமே பல வேளைகளில் அம்முடிவை எடுத்தன. இக்கோணத்திலிருந்து எமது உளமருத்துவ வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

மருந்துக்கு முடிவு உண்டு என்னும் எண்ணம் எம்மவர்க்குப் புதியதன்று. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய நூல்களை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழ் வைத்திய மரபிலே, மருந்தின் பெயரோடும் அனுபானத்தோடும் அதனை உண்ணவேண்டிய காலமும் சொல்லப்படும். மூன்று நாள், ஏழு நாள், அரை மண்டலம், ஒரு மண்டலம் என அது வரையறுக்கப்பட்டிருக்கும். அக்காலம் முடிந்தவுடன் நோயாளி வைத்தியரின் கையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. மருந்து உண்ணும்போது காக்கப்படுவது பத்தியம். உண்டு முடித்தபின் மேலும் சில காலம் காக்கப்படுவது மறுபத்தியம். பின்னதற்கெனத் தனியே ஒரு சொல் எமது மொழியில் இருப்பது ஊன்றி நோக்கற்பாலது. புளியும் மிளகாயும் எந்நாளிலே திரும்பச் சேரலாம், தலைக்கு எப்போது வார்க்கலாம், தோட்ட வேலைக்கு எப்போது இறங்கலாம் என்பனவெல்லாம் பரியாரியாரைக் கேட்டே முடிவாகும். உடல் மருந்தோடு பழகிவிட்டது, அதனின்று மீள்வதற்கும் ஒரு கால அளவு வேண்டும் என்ற அனுபவ அறிவே இவ்வழக்கத்துக்கு அடிப்படை எனலாம்.

இதனைக் கூறுவதால் பழைய முறையை நாம் போற்றிப் பாடுவதாகக் கருதலாகாது. உடலைப் பற்றிய நோய்களுக்கு மறுபத்தியம் வகுத்த அதே சமுதாயம், மனத்தைப் பற்றிய நோய்க்கு 'விசர்' என்னும் ஒரு சொல்லையே பெரும்பாலும் வைத்திருந்தது. நூல் கட்டுதல், பார்வை பார்த்தல், கழிப்புக் கழித்தல், கோயிலிலே கொண்டுபோய் இருத்துதல், அடக்கமுடியாதவரைக் கட்டிவைத்தல் என்பனவே கைகண்ட வழிகளாக இருந்தன. செல்வச்சந்நிதி போன்ற தலங்களிலே சோறும் இருக்க இடமும் கேள்வியின்றிக் கிடைத்தமை பலருக்கு உண்மையான ஆறுதலாக அமைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மனச்சோர்வு என்று இன்று நாம் பெயரிடும் நிலை அன்று நோயாகவே எண்ணப்படவில்லை. 'யோசனை', 'ஏக்கம்', 'நெஞ்சுப் பாரம்', 'பெருமூச்சு' என்னும் சொற்களுக்குள்ளே அது மறைந்து கிடந்தது. பிற்காலத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது எழுத்துக்களிலே பெருமூச்சினை எமது மக்கள் துயரை உடலால் உரைக்கும் ஒரு முறையாக எடுத்துக்காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

மேனாட்டு மருத்துவம் குடாநாட்டுக்கு வந்தபோது மனநோய் அதன் முதற் கவலையாக இருக்கவில்லை. 1847ஆம் ஆண்டு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே நடத்திய மருத்துவக் கல்வியும், அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இலே தோன்றி இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்துள்ள நிலையமும் காய்ச்சலையும் பேதியையும் இரணத்தையும் பிள்ளைப்பேற்றையுமே முதன்மையாகக் கருதின. மனம் பேதலித்தோரைக் காலனித்துவ அரசு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே நோக்கியது. அவர்களை அடைத்துவைப்பதற்கான நிலையங்கள் கொழும்பைச் சுற்றியே அமைந்தன. 1920களிலே எழுந்த அங்கொடை வைத்தியசாலை அவற்றுள் பெரியது. ஊர்ப்பெயர் ஒன்று நோயின் பெயராகவே மாறி, 'அங்கொடைக்கு அனுப்புதல்' என்பது யாழ்ப்பாணப் பேச்சிலே வசையாக நிலைத்தது. புறநோயாளர் முறையாக வந்து மருந்து பெற்றுச் செல்லும் ஏற்பாடு கொழும்பிலேயே 1939ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. மொழி தெரியாத ஊரிலே, இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால், உறவினர் முகம் காணாது கிடந்த தமிழ் நோயாளிக்குச் சிகிச்சையின் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலவே இருண்டிருந்தன.

இனி, மருந்துகளின் கதைக்கு வருவோம். இதனைச் சற்று விரித்தே கூறவேண்டியுள்ளது. ஏனெனில் குடாநாட்டு நோயாளியின் கையிலிருக்கும் குளிசையின் வரலாறு குடாநாட்டுக்கு வெளியேதான் நிகழ்ந்தது. காசநோய்க்காக ஆக்கப்பட்ட இப்ரோனியசிட் என்னும் மருந்து நோயாளரின் மனநிலையையும் உயர்த்துவது 1950களின் தொடக்கத்திலே நியூயோர்க்கில் அவதானிக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் வைத்தியசாலையிலே றோலன்ட் கூன் என்பார் இமிப்பிரமின் மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு 1957இல் வெளியிட்டார். அவ்வைத்தியசாலையிலே நோயாளரின் அறிவும் சம்மதமும் இன்றிப் பல மருந்துகள் பரிசோதிக்கப்பட்டமை 2019இலே வெளிவந்த வரலாற்றாய்வொன்றால் நிறுவப்பட்டுள்ளது. 1961ஆம் ஆண்டளவில் அமிற்றிப்ரிலின் வந்து சேர்ந்தது. நாம் வாசகர் கவனத்துக்குக் கொணர விரும்பும் செய்தி வேறொன்று. இமிப்பிரமினைத் திடீரென நிறுத்தியோர்க்குக் குமட்டல், வியர்வை, நடுக்கம், உறக்கமின்மை முதலியன தோன்றுவதை 1959ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் எழுதிவிட்டனர். அதாவது, மருந்து சந்தைக்கு வந்து இரண்டாண்டுக்குள்ளேயே அதனை விடுவதிலுள்ள இடர் தெரிந்திருந்தது. தெரிந்த செய்தி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் அடிக்குறிப்பாகவே கிடந்தது.

1987இன் இறுதியிலே ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுஒக்செற்றினோடு புதியதொரு மருந்துக் குடும்பம் பெருவணிகமாயிற்று. பழையனவற்றைப்போல் வாயுலர்தலும் மலச்சிக்கலும் மயக்கமும் தராத மருந்துகள் என அவை விளம்பரமாயின. அவற்றுள் உடலிலிருந்து விரைவில் நீங்கும் பரொக்செற்றின் போன்றவற்றை நிறுத்தியோர் தலைச்சுற்றும், காரணமற்ற அழுகையும், தலைக்குள்ளே கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் தோன்றுவதாக முறையிட்டனர். இக்குறிகளுக்கு என்ன பெயரிடுவது என்பதே ஒரு போராட்டமாயிற்று. 'விலகற் குறிகள்' என்றால் அபின், மது ஆகியவற்றின் நினைவு வரும், விற்பனை பாதிக்கும். ஆதலின் 'நிறுத்தக் குறித்தொகுதி' என்னும் மென்மையான பெயர் 1990களின் நடுப்பகுதியிலே பரப்பப்பட்டது. அப்பெயரை நிலைநாட்டிய 1996ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குப் பொருளுதவி செய்தது எலி லில்லி கம்பனி. அக்கம்பனியின் புளுஒக்செற்றின் உடலிலே நெடுநாள் தங்கி மெல்ல நீங்குவதால், இவ்விடயம் பேசப்படுவது போட்டிக் கம்பனிகளுக்கே நட்டமாகும் என்பதையும் சேர்த்து நோக்கினால் அறிவியற் சொற்களும் சந்தையின் பிள்ளைகளாதல் விளங்கும். பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டி 2009இலேகூட இக்குறிகள் பொதுவாகச் சிறியன, ஏறத்தாழ ஒரு வாரத்திலே தாமே அடங்குவன என்றே கூறியது. நோயாளர் பலர் ஆண்டுக்கணக்காக எடுத்துரைத்த பின்னரே, 2019இல் அவ்வாசகம் திருத்தப்பட்டுச் சிலருக்கு அவை கடுமையாகவும் நெடுநாளும் நீடிக்கலாம் என ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. 2019இல் வந்த ஒரு மீளாய்வு பாதிக்கு மேற்பட்டோர் என்றது. 79 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டு மீளாய்வு, மருந்தை நிறுத்தியோருள் 31 வீதத்தினருக்கு ஒரு குறியேனும் தோன்றியதாகவும், வெறுங்குளிசையை நிறுத்தியோரிலும் 17 வீதத்தினருக்கு அவ்வாறே தோன்றியதாகவும், கடுமையான குறிகள் ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு ஏற்பட்டதாகவும் கணித்தது. தொகுக்கப்பட்ட ஆய்வுகள் பலவற்றிலே மருந்து உண்ட காலம் குறுகியதாகையால் நெடுங்காலம் உண்டோர்க்கு இக்கணக்குப் பொருந்துமா என்ற வினா எஞ்சுகிறது. எமது கருத்தில், சிறிய வீதமாயினும் அது தனக்கு நேர்ந்தவருக்கு முழு உண்மையாகும்.

குளிசையைக் குறைக்கும் முறை பற்றிய விளக்கமும் அண்மைக்காலத்ததே. குளிசையின் அளவும் மூளையிலே அதன் தாக்கமும் ஒரே விகிதத்திலே ஏறி இறங்குவதில்லை. சிற்றலோபிராம் 60 மில்லிகிராம் உண்டால் அது பற்றவேண்டிய இடங்களுள் ஏறத்தாழ 88 வீதத்தைப் பற்றும். 20 மில்லிகிராமுக்கு 80 வீதம். 9 மில்லிகிராமுக்கு 70 வீதம். ஏறத்தாழ 5 மில்லிகிராமுக்கும் 60 வீதம். ஆகவே 60இலிருந்து 20க்கு இறங்குவது சிறு படி. 5இலிருந்து ஒன்றுமில்லாமைக்கு இறங்குவதோ கிணற்றுக்குள் குதிப்பதற்கு ஒப்பாகும். பாதிக்குளிசை, கால்குளிசை எனக் குறைத்துப் பின் விட்டுவிடும் வழக்கமான முறையிலே கடைசிப் படிதான் மிகச் செங்குத்தானது. இதனை விளக்கி, முடிவை நெருங்க நெருங்கக் குறைப்பும் சிறிதாகவேண்டும் எனக் கொறோவிற்சும் ரெயிலரும் 2019இல் எழுதிய கட்டுரையே இன்றைய வழிகாட்டிகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. இன்னொன்றும் உண்டு. மருந்தை விட்ட சில நாட்களுக்குள்ளே, முன்பு இல்லாத உடற்குறிகளோடு தோன்றி, மருந்தை மீள உண்டதும் விரைவில் தணிவது விலகற் குறி. வாரங்களோ மாதங்களோ கழித்து, பழைய துயர் மெல்லத் திரும்புவது நோய் மீளல். இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்து, "பார், மருந்தை விட்டதும் வருத்தம் வந்துவிட்டது, இனி ஆயுள் முழுவதும் உண்" என்னும் தீர்ப்பு எளிதிலே வழங்கப்பட்டுவிடும்.

மருந்தே வேண்டாம் என்பாரும் இக்குறிப்புக்களிலே தமக்கு ஆதரவு தேடலாகாது. இங்கிலாந்திலே 478 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2021இல் வெளிவந்த ஆய்விலே, நெடுங்காலம் மருந்துண்டு நலமாயிருந்து அதனை விட விரும்பியோருள், விட்டவர்களில் 56 வீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 39 வீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் மீண்டது. விடுவதில் உண்மையான இடர் உண்டு என்பதையும், விட்டவர்களுள் 44 வீதத்தினர் அவ்வாண்டை நோயின்றிக் கழித்தனர் என்பதையும் இவ்வெண்கள் ஒருங்கே கூறுகின்றன. எவர் எப்பக்கத்திலே நிற்பார் என்பதை முன்கூட்டியே சொல்லவல்ல கருவி எதுவும் இல்லை. ஆகையாலேதான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் வைத்தியர் தேவைப்படுகிறார்.

இவ்வறிவும் இம்மருந்துகளும் எமது நாட்டுக்கு எவ்வாறு வந்தன? மருந்து வருவதற்குச் செம்மையான வழி அமைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இலே தொடங்கப்பெற்ற அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, கம்பனிப் பெயர்களை விலக்கிப் பொதுப்பெயராலே மருந்துகளைக் கொள்வனவு செய்யும் கொள்கையை அவர் நடைமுறைப்படுத்தினார். இமிப்பிரமினும் அமிற்றிப்ரிலினும் போன்ற மருந்துகள் வறியோருக்கும் எட்டக்கூடியனவாயின என்றால் அது இத்தகைய கொள்கையின் பயனாகும். 1977இலே பிபிலே மறைந்தார். அதே ஆண்டிலே ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்தது. கம்பனிப் பெயர்கள் மீண்டும் வந்தன. அமிற்றிப்ரிலினை உள்ளடக்கிய உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. அந்தப் பட்டியலோ பிபிலேயின் கொள்கையோ மருந்து மக்களிடம் சென்றடைவதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. அன்றைய சூழலிலே அது நியாயமானதே. விடுதலைப் பற்றிய சிந்தனை, அடைந்தபின் எழுவது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இலே தோன்றியபின் குடாநாட்டிலே உளமருத்துவம் ஒரு துறையாக வேர்விடத் தொடங்கியது. தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு அங்கொடைக்கு மாற்றாக ஊர்மக்கள் நாடக்கூடிய இடமாயிற்று. யாழ்ப்பாணத்துத் தற்கொலைகளின் உயர்ந்த வீதத்தைக் கணேஸ்வரனும் அவர்தம் துணையாய்வாளரும் 1984இலே வெளியிட்டு, மனச்சோர்வு எத்துணைப் பெரிய சமூகப் பிரச்சினை என்பதை உணர்த்தினர். அதே ஆண்டிலே பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியும் தொடங்கிற்று. இரு துறைகளும் அருகருகே இருந்தும் மறுபத்தியம் பற்றி ஒன்றையொன்று வினவிக்கொண்டனவாகத் தோன்றவில்லை. வேரூன்றுவதற்குள் போர் முற்றியது. 1987 ஒக்ரோபரிலே இந்தியப் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியரும் ஊழியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். மருத்துவபீடத்து உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். சோமசுந்தரம் உட்பட நால்வர் எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலின் ஆசிரியருள் அவரும் ஒருவர்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான தரைப்பாதை அடைபட்டது. எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் முதற்கொண்டு எத்தனையோ பொருட்கள் தடைப்பட்டியலிலே சேர்ந்தன. மருந்து வகைகள் அளவிடப்பட்டு, அனுமதி பெற்று, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்போடு கப்பலிலே வந்தன. அவ்வாறு வருவனவற்றுள் முதலிடம் பெறுவது எது? குண்டுபட்டவருக்கான சேலைனும் மயக்கமருந்தும் நுண்ணுயிர்க்கொல்லியும் அன்றோ! மனச்சோர்வுக்கான குளிசை பட்டியலின் அடியிலே நிற்பதை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் அதன் விளைவைச் சிந்திக்கவேண்டும். நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் அமிற்றிப்ரிலின் உண்டுவந்த ஒருவருக்கு அடுத்த மாதக் குளிசை கிடையாதெனில், அவர் ஓரிரு நாட்களுக்குள்ளே உறக்கமின்மைக்கும் குமட்டலுக்கும் கொடுங்கனவுக்கும் ஆளாகக்கூடும். வெளியே எறிகணை விழுந்துகொண்டிருக்கும் ஊரிலே அவ்வுறக்கமின்மையை மருந்து விட்டதன் குறி என எவர் இனங்காண்பார்? பதுங்குகுழிக்குள்ளே இருப்பவர் அனைவருக்குமே உறக்கமில்லை. எமது வரலாற்றிலே விலகற் குறிகள் பதிவாகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்: அவை போரின் குறிகளோடு கலந்து தம் முகத்தை இழந்தன.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் அங்கிருந்து பலர் வன்னிக்கும் சென்றனர். மழையிலே நனைந்துகொண்டு சென்ற அம்மக்களுள் நாட்பட்ட நோய்க்கு மருந்துண்போர் எத்தனை பேர் என்பது எக்கணக்கிலும் இல்லை. எமது அரச வைத்தியசாலைகளிலே நோயாளியின் சிகிச்சை வரலாறு நோயாளியிடமே உள்ள 'கிளினிக் கொப்பி'யிலே எழுதப்படும் என்பதை இங்கு நினைக்கவேண்டும். நாற்பது பக்கப் பயிற்சிக் கொப்பியொன்றே ஒருவரின் மருந்து, அளவு, தொடங்கிய நாள் ஆகிய அனைத்துக்கும் ஆவணம். கொப்பியைக் கையோடு எடுத்துச் சென்றவர் சாவகச்சேரியிலோ கிளிநொச்சியிலோ தாம் யார் என மெய்ப்பிக்கலாம். எடுக்காதவர் 'ஒரு சின்ன மஞ்சட் குளிசை' என்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டையும் எடுத்துரைத்தல் வேண்டும். சோமசுந்தரமும் இராசதுரையும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, போர் உக்கிரமடைந்த காலத்திலே வடக்கிலே தற்கொலை வீதம் குறைந்ததைக் காட்டியது. மருந்து கிடையாத காலத்தில் தற்கொலை குறைந்ததாயின் மருந்து எதற்கு என எள்ளுவோர் உளர். இது பிழையான வாதம். பொதுவான ஆபத்து மக்களை நெருக்கமாகப் பிணைக்கும் என்பது துர்க்கைம் காலந்தொட்டுச் சமூகவியலார் கூறிவருவது. எனினும் அவ்வாய்விலிருந்து நாம் பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. ஒரே கொட்டிலிலே நாலு குடும்பம் சமைத்து உண்ட காலத்திலே, ஒருவர் மூன்று நாளாகப் பாயை விட்டு எழவில்லை என்பது அயலாருக்குத் தெரிந்தது. மருந்தை விடுபவருக்கு வேண்டப்படுவதும் முதற்கண் அத்தகைய கண்களே. வைத்தியர் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார். வீட்டார் நாள்தோறும் பார்ப்பர்.

2002 ஏப்ரலிலே ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் மருந்தும் வைத்தியரும் வந்தனர். 2006 ஓகஸ்ற் மாதத்திலே முகமாலையில் அது மீண்டும் மூடப்பட்டதும் குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நோக்கி மறுபடியும் காத்துநின்றது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்திலே நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 22.2 வீதத்தினரிடம் மனச்சோர்வின் குறிகளையும் 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் குறிகளையும் கண்டது. இவர்களுட் பலருக்கு மருந்து வேண்டியிருந்தது, கிடைத்ததும் நன்றே. ஐந்து பேரில் ஒருவரை மருந்துக்கு உரியவராகக் காணும் சமுதாயம், பத்தாண்டுக்குப்பின் அவர்களுள் எத்தனை பேர் இன்னும் உண்கின்றனர் என வினவவில்லை. அவ்வினாவை நாட்டின் பொருளாதார நெருக்கடி வேறு விதமாக எழுப்பியது. 2022 ஏப்ரலிலே அரசு கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது அந்நியச் செலாவணி இன்றி மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டு அரசு அரிசியோடும் பால்மாவோடும் மருந்தும் ஏற்றிக் கப்பல் அனுப்பியது. மருந்துக்காகக் கடலைப் பார்த்திருத்தல் எமக்குப் பழகிய காட்சி. இம்முறை அது முழுத்தீவுக்கும் உரியதாயிற்று.

இன்றைய நிலையில், மருந்தை விட விரும்பும் ஒருவர் குடாநாட்டிலே எத்தகைய துணையைப் பெறுகிறார்? இலவச வைத்தியசேவை என்னும் பெரும்பேறு எமக்குண்டு. கிளினிக் நாளிலே காலை ஆறுமணிக்கு இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்கு ஏழைகளின் நாடொன்றிலே கிடைத்தற்கரிய சேவை காசின்றிக் கிடைக்கிறது. ஆனால் வரிசையின் நீளம் உரையாடலின் நீளத்தைத் தின்றுவிடுகிறது. 'நித்திரை வருகுதோ? சாப்பிடுகிறீங்களோ? அதே மருந்தை எடுங்கோ' என்ற மூன்று வாக்கியத்துக்குள் முடியும் சந்திப்பிலே தொடர்வது எளிது, விடுவது அரிது. விடுவதற்குப் பேச வேண்டும். இரு வாரத்துக்கொருமுறை பார்க்கவேண்டும். ஒரு படி இறங்கித் தாங்காவிடின் மறுபடி ஏறவேண்டும். இடமாற்றம் பெற்று வைத்தியர் மாறியபின் புதியவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அதனையே திரும்ப எழுதுவது மனித இயல்பு. மாலையிலே தனியார் நிலையத்தில் 'சனல்' செய்து நிபுணரைக் காண்போருக்குச் சிறிது கூடிய நேரம் கிடைக்கலாம். குறைப்பதற்காக ஆறுமுறை காசு கட்டவேண்டியிருப்பின் கூலித்தொழிலாளி அந்த வழியை நினைக்கவும் மாட்டார். ஆக, மருந்தை உண்பது இலவசம், முறையாக விடுவதற்கு விலை என்னும் விந்தை நிலையொன்று உருவாகிறது. இது வைத்தியரின் குற்றமன்று; ஒருவருக்கு இத்தனை பேர் என்னும் ஏற்பாட்டின் குற்றம்.

குளிசையின் வடிவமும் ஒரு தடை. புளுஒக்செற்றின் பொதுவாக 20 மில்லிகிராம் கப்சூலாகவே வழங்கப்படுகிறது. அதனைப் பிளேட்டால் வெட்ட இயலாது. அது உடலிலே தானாகவே மெல்ல இறங்குவதால் பலருக்கு இடர் குறைவு என்பது நற்பேறு. வேறு மருந்துகளுக்கு மேனாடுகளிலே திரவ வடிவம் உண்டு. எமது கிளினிக் மருந்தறையில் அதனை எதிர்பார்க்க முடியாது. புலம்பெயர்ந்த உறவினர் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கொண்டுவந்து கொடுக்கும் மருந்துகள் வேறொரு சிக்கல்: அவை முடியும் நாள் விடுமுறை முடியும் நாளே.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இதனை விடமுடியாது. மருந்தை விடுபவரின் உணர்வுகளை அளக்கும் கருவி அவரது நாவேயாகும். தலைக்குள் கரண்ட் அடிக்கிறது, நிலம் ஆடுகிறது, நெஞ்சு பதைக்கிறது, கனவு கலையுதில்லை என்பனவற்றை அவர் சொல்லவேண்டும். கேட்பவர் அவற்றின் மருத்துவப் பொருளை அறிந்திருக்கவேண்டும். கிறீன் 1864இலே தமிழிலே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' முதலிய பெருநூல்களைத் தமிழிலே தந்தது வைத்தியர் ஊரிலேயே தங்கவேண்டும், ஊரோடு பேசவேண்டும் என்ற நோக்கத்தினாலேயாம். அவருக்குப்பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. போர்க்காலத்திலே சோமசுந்தரத்தின் 'மனவடு'வும், அவரும் சிவயோகனும் தொகுத்த உளநல நூலும், சாந்திகம் நிறுவனத்தின் உளவளத்துணைப் பயிற்சிகளும் தமிழிலே உளநலம் பேசும் ஒரு சொல்வளத்தை ஆக்கித் தந்தன. துயரைப் பற்றி, வடுவைப் பற்றி, ஆற்றுப்படுத்தலைப் பற்றி இன்று ஊர்ச் சுகாதாரத் தொண்டர் ஒருவராலும் தமிழிலே பேசமுடிகிறது. மருந்தைக் குறைப்பது பற்றிய பக்கம்மட்டும் அந்நூலகத்திலே இன்னும் மெலிந்தே கிடக்கிறது. இங்கிலாந்து உளமருத்துவர் கல்லூரி 2020இலே வெளியிட்ட, படிப்படியாகக் குறைக்கும் அளவுகளைக் கொண்ட சிறுவெளியீடு போன்ற ஒன்றை எமது மருத்துவபீடமும் சித்த மருத்துவத் துறையினரும் மொழியறிஞரும் கூடியமர்ந்து ஆக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

கிளினிக் பதிவேடுகளிலே மற்றொரு வழக்கமும் மாறவேண்டியுள்ளது. குறித்த நாளில் வராது நின்றவரைத் 'தவறியவர்' என்று எழுதும் மரபு காசநோய்க் காலத்திலிருந்து தொடர்வது. 1990இலே பாதை மூடியதால் வராதவர், 1995இலே ஊரோடு பெயர்ந்ததால் வராதவர், 2022இலே பஸ் இல்லாததால் வராதவர், குணமடைந்து தாமே மெல்ல விட்டவர், விட்டபின் மூன்றாம் நாள் பயந்து எவரிடமும் கேட்க வெட்கி மறுபடி உண்ணத் தொடங்கியவர் ஆகிய அனைவரும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்குகின்றனர். சிகிச்சை முடித்தவர் என எழுதுவதற்கு அப்பதிவேட்டிலே நிரல் இல்லை.